ஆறாவது பேரழிவு என்கிறார்கள், முதல் ஐந்தை எண்ணியது யார்?

"பூமியில் ஆறாவது பேரழிவு தொடங்கிவிட்டது" என்று ஒரு செய்தி. "மனிதர்களால் புதிய நிலவியல் காலம் பிறந்துவிட்டது என்ற முன்மொழிவை நிலவியலாளர்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள்" என்று 2024 மார்ச்சில் இன்னொரு செய்தி. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஒருவர் உலகமே அழிகிறது என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே ஆகவில்லை என்கிறார் போலத்தான் தெரிகிறது.

உண்மையில் இரண்டு செய்திக்கும் சண்டை இல்லை. "பேரழிவு", "காலம்" என்ற இரண்டு சொல்லும் நிலவியலில் நாம் பேச்சில் புழங்கும் பொருளில் வருவதில்லை, அதுதான் சிக்கல். அடியிலிருந்தே தொடங்கலாம்.

## 454 பக்க நோட்டு

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். கோடியில் எண்ணுகிறவர்களுக்கு இது ஒரு வசதி: 454 பக்கமுள்ள ஒரு நோட்டு, பக்கத்துக்கு ஒரு கோடி ஆண்டு. பக்கத்துக்கு 30 வரி என்று வைத்துக்கொண்டால் ஒரு வரியில் மூன்று லட்சத்து முப்பதாயிரம் ஆண்டுகள் சொச்சம்.

இந்த நோட்டில் முதல் நூறு பக்கத்தில் உயிர் பற்றி நம்பகமாகப் படிக்கும்படி எதுவும் இல்லை. 105ஆம் பக்கம் வாக்கில், இன்றைய ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கல்லாகிப்போன ஸ்ட்ரோமடோலைட்டுகள் கிடைக்கின்றன. 214ஆம் பக்கத்தை ஒட்டிக் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்குகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் வெளியே தள்ளிய கழிவு அது. விலங்கு என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை 396ஆம் பக்கத்துக்குப் பிறகுதான். ஓடும் கூடும் உள்ள கடல் விலங்குகள் பெருகுவது 400ஆம் பக்கத்தில், அதுதான் கேம்பிரியன். டைனோசர்கள் 431ஆம் பக்கத்தில் வந்து, பறவைகளை மட்டும் விட்டுவிட்டு, 447 முடிந்ததும் போய்விடுகின்றன. நம் இனத்துக்கு வயது சுமார் மூன்று லட்சம் ஆண்டு. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, அவ்வளவுதான்.

ஆக, பேரழிவுகள் ஐந்து என்று சொல்லும்போது கடைசி 54 பக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். அதற்கு முன் அழிவே நடக்கவில்லை என்று பொருளில்லை. ஆக்சிஜன் ஏறியபோது அது விஷமாக இருந்த நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஓடு இல்லாத உயிர் செத்தால் பாறையில் கணக்கு வைப்பது யார்?

## தேதி எங்கிருந்து வருகிறது

படிவுப் பாறையில் எது கீழே, எது மேலே என்று பார்த்தால் எது முந்தியது என்று தெரியும். எத்தனை ஆண்டு முந்தியது என்று தெரியாது. அந்த எண்ணைத் தருவது பெரும்பாலும் எரிமலைச் சாம்பல்தான். சாம்பலில் சிர்கான் என்ற சிறு படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. அப்புறம் உள்ளே இருக்கும் யுரேனியம் தனக்கே உரிய வேகத்தில் சிதைந்து ஈயமாகிக்கொண்டே போகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு. எனவே இன்று படிகத்துக்குள் இருக்கும் ஈயம் எல்லாம் பிறகு விளைந்தது, அதை அளந்தால் வயது. இதன் துல்லியம் கொஞ்சம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது: 25 கோடி ஆண்டு பழைய சாம்பலை நாற்பதாயிரம் ஆண்டு முன்பின்னாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் இந்தக் கருவிகளுக்கு முந்தியவை. ஒரு உயிரினம் முற்றிலுமாக அழியக்கூடும் என்பதையே 1796இல் ஜார்ஜ் குவியே யானை எலும்புகளை ஒப்பிட்டுக் காட்டியபோதுதான் ஐரோப்பிய அறிவியல் ஒத்துக்கொள்ளத் தொடங்கியது. 1841இல் ஜான் பிலிப்ஸ் பாறைகளைப் பழைய உயிர், நடு உயிர், புது உயிர் என்று மூன்று பெரும் பகுதியாகப் பிரித்தார். எந்தக் கணினியும் இல்லாமல் அவர் கோடு போட்ட இரண்டு இடமும் பின்னாளில் ஐந்தில் இரண்டு பேரழிவாகத் தெரியவந்தன. ஒரு காலத்தின் எல்லை பல இடங்களில் சாவின் எல்லைதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

## பேரழிவு என்பது ஒரு கணக்கு

இனங்கள் எப்போதும் அழிந்துகொண்டேதான் இருக்கும். அது வழக்கமான தேய்மானம். பாலூட்டிகளுக்குச் சற்றுத் தாராளமாகவே போட்ட ஒரு கணக்கின்படி, 10,000 இனங்கள் இருந்தால் 100 ஆண்டில் 2 அழியும். இந்தத் தேய்மானத்தைவிட வெகுவாக எகிறி, நிலவியல் நோக்கில் குறுகிய காலத்துக்குள் நான்கில் மூன்று பங்கு இனங்கள் போனால் அது பேரழிவு. குறுகிய காலம் என்றால் இருபது லட்சம் ஆண்டு வரை போகலாம். செய்தி படிக்கிறவர் மனதில் ஒரு தலைமுறை ஓடுகிறது, எழுதிய விஞ்ஞானி மனதில் நம் நோட்டின் ஆறு வரி ஓடுகிறது.

ஐந்து என்ற எண் 1982இல் டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. கடல் விலங்குக் குடும்பங்கள் (உறவுள்ள பல இனங்கள் சேர்ந்த தொகுதிகள்) எப்போது தோன்றின, எப்போது மறைந்தன என்று பட்டியலிட்டு வரைந்தார்கள். அதில் நான்கு மட்டுமே புள்ளியியல்படி தெளிவாகத் தனித்து நின்றன. ஐந்தாவதான டெவோனியன் கால அழிவு எடுப்பாகத் தெரிந்தாலும் புள்ளியியல் சோதனையில் தேறவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஐந்து என்பது கல்வெட்டு இல்லை. 26 கோடி ஆண்டுக்கு முந்தைய கேபிட்டேனியன் அழிவையும் சேர்க்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அவர்கள் கணக்கில் இப்போது நடப்பது ஏழாவதாகிவிடும்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது மூன்று விஷயம் நினைவில் இருக்க வேண்டும்:

1. இது பெரும்பாலும் ஓடுள்ள கடல் உயிர்களின் பேரேடு. காட்டில் செத்த பூச்சிக்கும் பறவைக்கும் இதில் கிட்டத்தட்ட இடமே இல்லை.

2. கடைசியாகக் கிடைத்த புதைபடிவம் கடைசியாக வாழ்ந்த விலங்கு இல்லை. அரிய விலங்கு என்றால் அதன் கடைசிப் படிவத்துக்கும் உண்மையான முடிவுக்கும் இடையே பெரிய இடைவெளி விழும், அதனால் சட்டென்று நடந்த அழிவுகூடப் பாறையில் மெல்ல நடந்தது போலத் தெரியும். 1982இல் சிக்னர், லிப்ஸ் இருவரும் விளக்கிய இந்த விளைவுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. சீலகாந்த் மீன் இன்னும் வேடிக்கை. டைனோசர்களோடு போய்விட்டது என்று நினைத்த வகை, 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் வந்து விழுந்தது.

3. சதவீதம் நேராக எண்ணிய எண் இல்லை. குடும்பம், அதைவிடச் சிறிய தொகுதியான பேரினம் அளவில் எண்ணி, அதிலிருந்து இனங்களுக்கு மதிப்பிடுகிறார்கள். பெர்மியன் காலத்தின் முடிவில் (சுமார் 25 கோடி ஆண்டுக்கு முன்) கடல் இனங்களில் 96 சதவீதம் வரை போனதாக 1979இல் ராப் கணக்கிட்டார். 2016இல் ஸ்டீவன் ஸ்டான்லி அதை 81 என்று குறைத்தார். அழிவு குறையவில்லை, கணக்கு மாறியது.

## நான்கைச் சுருக்கமாக, ஒன்றை விரிவாக

ஆர்டோவிசியன் முடிவு, சுமார் 44.5 கோடி ஆண்டுக்கு முன். அப்போது தென்துருவத்தை ஒட்டியிருந்த நிலத்தில் பனி பரவியது, கடல் மட்டம் இறங்கியது, உயிர்கள் மொய்த்துக் கிடந்த ஆழமில்லாத கடல்கள் வற்றின. பனிப்பாறை தேய்த்த கீறல்களை இன்று சகாரா பாலைவனப் பாறையில் பார்க்கலாம். டெவோனியன் சுமார் 37.2 கோடி. ஒரே அடியாக இல்லாமல் திரும்பத் திரும்ப விழுந்த அடி அது. முதல் பெரிய மரங்களின் வேர்கள் பாறையை உடைத்து மண்ணாக்கி, அந்தச் சத்து கடலுக்குள் வழிந்து, பாசி பெருகி அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது என்பது ஒரு கருதுகோள். ட்ரயாசிக் முடிவு 20.1 கோடி. பாஞ்சியா என்ற ஒரே பெருங்கண்டம் பிளந்து அட்லாண்டிக் பிறக்கும் இடத்தில் எரிமலைக் குழம்பு கொட்டியது, அதே குழம்புப் பாறை இன்று மொராக்கோவிலும் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் பிரேசிலிலும் இருக்கிறது. கிரெட்டேசியஸ் 6.6 கோடி, விண்கல் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் விட்ட பெர்மியன் முடிவுதான் எல்லாவற்றிலும் கொடியது. சீனாவின் மெய்ஷான் என்ற இடத்தில் ஒரு கல்குவாரியில் இந்தக் கதை அடுக்கடுக்காகத் தெரிகிறது. சுண்ணாம்புக்கல், மேலே சில சென்டிமீட்டர் வெளிறிய சாம்பல் களிமண், மேலே மறுபடி சுண்ணாம்புக்கல். கீழே உயிர் நிறைந்த படிவங்கள், மேலே ஏறக்குறைய வெறுமை. அங்குள்ள சாம்பல் அடுக்குகளின் சிர்கானை அளந்து 2014இல் வெளியான முடிவு: அழிவு மொத்தமும் சுமார் 60,000 ஆண்டில் முடிந்திருக்கிறது, பிழை எல்லை 48,000. நம் நோட்டில் ஒரு வரியின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கொன்றது சைபீரியா. அங்கே எரிமலைக் குழம்பு பல லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியது. ஆனால் குழம்பு ஊரை மூடியதால் உலகம் சாகவில்லை. நடந்த வரிசை இது:

1. முதலில் குழம்பு தரைக்கு மேல் கொட்டியது. இது கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஆண்டு நடந்தது. இந்தக் கட்டத்தில் உலகளாவிய அழிவு தெரியவில்லை!

2. அப்புறம் குழம்பு மேலே வர வழியில்லாமல், பூமிக்குள்ளேயே பக்கவாட்டில் பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்தது. அந்த அடுக்குகளில் இருந்தவை நிலக்கரி, எண்ணெய், உப்பு, சுண்ணாம்பு. அடுப்பில் வைத்தது போல அவை வெந்தன.

3. கரியமில வாயுவும் மீத்தேனும் இன்னும் சில நச்சு வாயுக்களும் பீறிட்டு வெளியேறின. வெப்ப மண்டலக் கடல்நீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடேறியது.

4. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். சூடான உடம்புக்கோ அதிகம் தேவை. இரண்டு பக்கமும் இழுத்ததில் கடல் விலங்குகளுக்கு மூச்சு முட்டியது.

5. கரியமில வாயு கரைந்து கடல்நீரின் அமிலத்தன்மை ஏற, சுண்ணாம்பில் தடித்த கூடு கட்டும் உயிர்கள் மிக மோசமாக அடிபட்டன.

27 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த டிரைலோபைட்டுகள் என்ற கடல் கணுக்காலிகளின் கடைசி வகைகள் இங்கேதான் முடிந்தன. நிலத்தில் சதுப்புக் காடுகள் போனதால், அடுத்து சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு உலகில் எங்கும் நிலக்கரிப் படிவே கிடைப்பதில்லை. நோட்டில் ஒரு முழுப் பக்கம்.

## பெரியதுதான் கொல்லும் என்று இல்லை

பசிபிக் கடலடியில் ஒன்டோங் ஜாவா பீடபூமி என்று ஒன்று, சுமார் 12 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. பாறையின் அளவில் அது சைபீரியாவைத் தூக்கிச் சாப்பிடும். ஐந்தில் அதன் பெயர் இல்லை. அது மேலே வந்தது கடலடி எரிமலைப் பாறை வழியாக, வேகவைக்க நிலக்கரி அங்கே கிடையாது.

விண்கல்லுக்கும் இதே கதைதான். கனடாவின் மானிகுவாகன், ரஷ்யாவின் பொப்பிகாய் இரண்டும் 100 கி.மீ. அளவுக்கு வரும் பள்ளங்கள், எதனோடும் பேரழிவு சேர்ந்து வரவில்லை. மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம் சுமார் 180 கி.மீ., பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது விழுந்த இடத்தையும் பாருங்கள்: கந்தகம் நிறைந்த ஜிப்சம் வகைப் பாறையும் சுண்ணாம்புக்கல்லும் கனமாகப் படிந்திருந்த ஆழமில்லாத கடல். பாறை ஆவியானது, கந்தகம் வானுக்குப் போய் வெயிலை மறைத்தது, தூசியும் எரிந்த காடுகளின் கரியும் சேர்ந்துகொண்டன, ஒளிச்சேர்க்கை நின்றது. அடிமட்டத்தில் சாப்பாடு நின்றால் மேலே எத்தனை பெரிய விலங்கானால் என்ன. நிலத்தில் சில முதலை வகைகளைத் தவிர 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள எதுவும் தப்பியதாகத் தெரியவில்லை.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் அழகானது. இத்தாலியின் குப்பியோ ஊரருகே சுண்ணாம்புப் பாறையில் ஒரு சென்டிமீட்டர் களிமண் கோடு. அது படிய எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்துகொள்ள வால்டர் ஆல்வரஸ், அவர் தந்தை லூயிஸ், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் நால்வரும் இரிடியத்தை அளந்தார்கள். பூமியின் மேலோட்டில் மிக அரிதான, விண்கற்களில் தாராளமாக உள்ள உலோகம் அது. விண்தூசியோடு சீராக விழும் என்பதால் அது காலத்தைக் காட்டும் என்பது அவர்கள் எண்ணம். வழக்கத்தைவிட 30 மடங்கு இருந்தது. 1980இல் வெளியிட்டார்கள். 1991இல் பள்ளம் உறுதியானது. 2016இல் அந்தப் பள்ளத்திலேயே துளைபோட்டுப் பாறையை எடுத்துவந்தார்கள்.

தக்காண எரிமலைகள்தான் கொன்றன என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அவை அப்போது குமுறிக்கொண்டிருந்தது உண்மை, அழிவுக்கு முன்பே உலகம் சில டிகிரி சூடேறியதும் உண்மை. ஆனால் கடல் நுண்ணுயிர்கள் சரிவது அந்தச் சூட்டின்போது இல்லை, இரிடியக் கோட்டில்தான். எனவே குற்றவாளி யார் என்று கேட்டால் விண்கல் பக்கம்தான் கை காட்டத் தோன்றுகிறது, தக்காணம் உடந்தையாக இருந்திருக்கலாம்.

## வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்

கரியமில வாயு கூடினால் பூமி அதைச் சரிசெய்யும். மழைநீரில் கரைந்து, பாறையை அரித்து, கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படியும். பிரச்சினை என்னவென்றால் இந்த வேலை முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அடியில் சின்ன ஓட்டை உள்ள வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக எத்தனை நாள் ஊற்றினாலும் நிரம்பாது, குழாயை முழுக்கத் திறந்தால் சில நிமிடத்தில் வழியும்.

5.6 கோடி ஆண்டுக்கு முன் ஒரு திடீர்ச் சூடேற்றம் நடந்தது, 5 டிகிரிக்கு மேல். ஆழ்கடல் அடியில் வாழும் ஒருசெல் உயிர்களில் 30 முதல் 50 சதவீத இனங்கள் போயின, மற்றபடி பேரழிவு இல்லை. அப்போது ஆண்டுக்கு வெளியேறிய கார்பன் அதிகபட்சம் 110 கோடி டன் என்கிறது 2016இல் வந்த ஒரு கணக்கு. இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். மொத்த அளவில் நாம் இன்னும் பெர்மியனை எட்டவில்லை, நெருங்கவும் இல்லை. வேகம் வேறு விஷயம். சைபீரியாவில் குழம்பு செய்த வேலையை, அதாவது புதைந்த நிலக்கரியைக் காற்றில் ஏற்றும் வேலையை, இப்போது அடுப்பு வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

## சரி, ஆறாவது நடக்கிறதா

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இன்று தெரிந்த பாலூட்டி இனங்கள் 6,000 என்று வைப்போம். மேலே சொன்ன தேய்மான வேகத்தில், 1500ஆம் ஆண்டிலிருந்து இந்த ஐந்து நூற்றாண்டில் ஆறு இனம் அழிந்திருக்க வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிந்தவை 80க்கு மேல். வேகம் பத்து மடங்குக்கும் அதிகம்.

அதே 80ஐ 6,000ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்றேகால் சதவீதம் சொச்சம். பேரழிவின் கோடு 75இல் இருக்கிறது. எனவே "நடந்துவிட்டது" என்பது தவறு, "அந்த வேகத்தில் போகிறோம்" என்பது சரி. 2011இல் ஆந்தனி பார்னோஸ்கி குழு இப்படிக் கணக்கிட்டது: அழியும் ஆபத்தில் உள்ளவை எல்லாம் நூறாண்டுக்குள் அழிந்தால், அதே வேகமும் தொடர்ந்தால், பாலூட்டிகளும் பறவைகளும் தவளை வகைகளும் 75 சதவீதத்தைத் தொடச் சில நூற்றாண்டுகள் போதும். இந்தக் கூற்றில் இரண்டு "ஆல்" இருக்கின்றன, தலைப்புச் செய்திகளில் இரண்டும் காணாமல் போய்விடும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய ஐந்து கடல் சிப்பிகளின் கணக்கு, இன்றையது பாலூட்டி, பறவையின் கணக்கு. கடைசி 500 ஆண்டில் அழிந்த விலங்குகளில் பெரும்பகுதி தீவுகளிலும் நன்னீரிலும் இருந்தவை, புதைபடிவமாகும் வாய்ப்பே குறைவு. 25 கோடி ஆண்டு கழித்து யாராவது ராப், செப்கோஸ்கி முறையில் நம் காலத்தை எண்ணினால், இதுவரை நடந்ததை வைத்து மட்டும் பார்த்தால் அவர்கள் வரைபடத்தில் ஒரு துள்ளல்கூடத் தெரியாமல் போகலாம்.

## அந்த ஓட்டு எதற்கு எதிராக

2024இல் நிராகரிக்கப்பட்டது மனிதத் தாக்கம் இல்லை, ஒரு தேதி. கனடாவின் கிராஃபோர்டு ஏரி அடியில் ஆண்டுக்கு ஒரு மென்படலமாகச் சேறு படிகிறது. அதில் அணுகுண்டுச் சோதனைகளின் புளூட்டோனியம் தென்படும் 1952 வாக்கில் கோடு போட்டு, அதற்கு மேலே உள்ளதை ஆந்த்ரோபோசீன் (மனிதர் காலம்) என்று அழைக்கலாம் என்பது முன்மொழிவு. காலத்தின் எல்லைக்கு இப்படிப் பாறையில் ஒரு குறிப்பிட்ட புள்ளி வேண்டும், அதைத் தங்க ஆணி என்கிறார்கள். ட்ரயாசிக் தொடங்கும் ஆணி அதே மெய்ஷான் குவாரியில் இருக்கிறது. டைனோசர் காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் ஆணி துனிசியாவின் எல் கெஃபில், இரிடியக் களிமண்ணின் அடியில். இரண்டும் முன்பு குறித்துக்கொள்ளச் சொன்ன சாவின் எல்லைகள்தான்.

எழுபது சொச்சம் ஆண்டு என்பது நம் நோட்டில் மைப்புள்ளியைவிடச் சின்னது என்பது ஒரு தயக்கம். அதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: தீவுப் பறவைகளைத் தின்று தீர்த்தது, காட்டைத் திருத்தியது, ஆற்றைத் திருப்பியது எல்லாம் 1952க்கு எத்தனையோ காலம் முன்பே, இடத்துக்கு இடம் வெவ்வேறு நூற்றாண்டில் தொடங்கியவை. ஒரே ஆணியில் அதை எப்படி மாட்டுவது? எனவே எதிர்த்தவர்களில் சிலர் இதைக் காலம் என்று சொல்லாமல் நிகழ்வு என்று சொல்லலாம் என்கிறார்கள். 214ஆம் பக்கத்தில் ஆக்சிஜன் ஏறியதை அப்படித்தான் அழைக்கிறார்கள். பூமியின் காற்றையே மாற்றிய அதற்கு, கால அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது.